கணினி விளையாட்டின் கதை – 14: டேவன்ட்ரிக்குள் புகுந்த வாள்

1998-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அந்தப் பெட்டியின் மேல் எட்டு என்ற எண் இல்லை. இரண்டாம் பாகத்திலிருந்து ஏழாம் பாகம் வரை வரிசை எண்ணைத் தாங்கியே வந்த தொடர் அது. இந்த முறை 'கிங்ஸ் குவெஸ்ட்: மாஸ்க் ஆஃப் எடர்னிட்டி' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த மாற்றம் இன்னும் பெரியது. அரசன் கிரஹாமும் அவன் குடும்பமும் நாயகர்களாக இருந்த கதையில் இப்போது கானர் என்ற தோல் பதனிடும் தொழிலாளி நாயகன். அவன் கையில் ஆயுதம். அவனுக்கு உயிர்ச்சக்தியைக் காட்டும் பட்டை ஒன்று, அனுபவத்தைக் காட்டும் பட்டை ஒன்று. வழி நெடுக அரக்கர்கள் நிற்கிறார்கள், வெட்டினால்தான் விலகுவார்கள்.

பதினான்கு ஆண்டுகள் புதிர்களாலேயே நடந்த ராஜ்ஜியத்துக்குள் இந்த வாள் எப்படி நுழைந்தது என்பதுதான் இந்த இதழின் கதை. சாகச விளையாட்டு என்ற வகையே தடம் மாறிய கதையும் இதற்குள் அடங்கியிருப்பதால், கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

ராபர்ட்டா வில்லியம்ஸும் கணவர் கென் வில்லியம்ஸும் 1980-இல் 'மிஸ்டரி ஹவுஸ்' வெளியிட்டு, எழுத்தால் மட்டுமே நடந்துவந்த சாகச விளையாட்டுக்குப் படம் சேர்த்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். கலிபோர்னியாவில் யோசெமிட்டி மலைக்காட்டுக்குப் போகும் வழியில், ஓக்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் அவர்களுடைய சியரா ஆன்-லைன் நிறுவனம் வளர்ந்தது. வீட்டுக் கணினிச் சந்தையில் கால்பதிக்க விரும்பிய ஐபிஎம், தன்னுடைய 'பிசி ஜூனியர்' கணினியின் நிறத்தையும் ஒலியையும் காட்டிக்கொள்ள ஒரு விளையாட்டு வேண்டும் என்று சியராவிடம் வந்தது. அதற்காக ராபர்ட்டா வடிவமைத்ததுதான் 1984-இல் வந்த முதல் 'கிங்ஸ் குவெஸ்ட்'. பிசி ஜூனியர் படுதோல்வி அடைந்து, மறு ஆண்டே உற்பத்தி நின்றுபோனது. விளையாட்டு மட்டும் தப்பித்தது. அதே திறன்களோடு வந்த டேன்டி 1000 கணினி நன்றாக விற்க, அதோடு சேர்ந்து கிங்ஸ் குவெஸ்டும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

அதுவரை சாகச விளையாட்டில் படம் என்றால் அசையாத படம். வாசகம் தட்டச்சு செய்தால் அடுத்த படம் வரும். கிங்ஸ் குவெஸ்டில் கிரஹாம் திரைக்குள் நடந்தான். மரத்துக்குப் பின்னால் போனால் மறைந்தான், முன்னால் வந்தால் தெரிந்தான். திறந்தவெளி மட்டும் 48 திரைகள். கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் மேற்கே வந்து சேரும்படி அந்த உலகம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. அம்புக்குறி விசைகளால் நடக்க வேண்டும். செய்ய வேண்டியதை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களாகத் தட்டச்சு செய்ய வேண்டும். கதையும் எளியது. முதுமையில் தளர்ந்த எட்வர்ட் மன்னன், தன் நாடான டேவன்ட்ரி இழந்த மூன்று பொக்கிஷங்களை மீட்டு வரச் சொல்லி வீரன் கிரஹாமை அனுப்புகிறான். மாயக் கண்ணாடி, மாயக் கேடயம், எடுக்க எடுக்கக் குறையாத பொற்பேழை.

அந்த மாயக் கண்ணாடியை எடுக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தொடரின் குணம் முழுக்க அங்கே இருக்கிறது.

கண்ணாடி இருப்பது ஒரு கிணற்றின் அடியில். கிணற்றில் இறங்கி, நீருக்குள் மூழ்கி, பக்கவாட்டுப் பொந்து வழியே போனால் ஒரு குகை. குகையில் ஒரு டிராகன். நெருங்கினால் தீயை உமிழ்ந்து சாம்பலாக்கிவிடும். கிரஹாமிடம் ஒரு குத்துவாள் இருந்தால் அதை எறிந்து டிராகனைக் கொல்லலாம். விளையாட்டு அதை ஏற்றுக்கொள்ளும், கண்ணாடியும் கிடைக்கும். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. கிணற்று வாளியில் நீர் நிரப்பிக்கொண்டு போயிருந்தால் அந்த நீரை டிராகன் மேல் வீசலாம். தீ அணைந்துபோன டிராகன், தான் இனி யாரையும் பயமுறுத்த முடியாது என்று புரிந்துகொண்டு, குகை வாயிலை அடைத்திருந்த பாறையை நகர்த்திவிட்டு வெளியேறிப் போய்விடும். இரண்டு வழியிலும் கண்ணாடி ஒன்றுதான். மதிப்பெண் மட்டும் வேறு. நீரை வீசியவருக்குக் கூடுதல், குத்துவாளை எறிந்தவருக்குக் குறைவு.

மேகத்துக்கு மேல் வாழும் அரக்கனுக்கும் இதே நியாயம். கவண் கல்லால் அவனை வீழ்த்தலாம். பொறுமையாக ஒளிந்திருந்து, அவன் தூங்கிய பிறகு பொற்பேழையை எடுத்துக்கொண்டு வரலாம். பொறுமைக்குத்தான் அதிக மதிப்பெண். பாலத்தை மறித்து நிற்கும் பூதத்தை எந்த ஆயுதமும் ஒன்றும் செய்யாது. கேரட்டைக் காட்டி ஆட்டை அழைத்து வந்தால், ஆடே பூதத்தை ஆற்றில் முட்டித் தள்ளிவிடும்.

இரண்டாம் பாகத்தில், 1985-இல், ராபர்ட்டா இதை இன்னும் அழகாகச் செய்தார். வழியை மறிக்கும் விஷப்பாம்பை வாளால் வெட்டலாம். வெட்டாமல், கையில் இருக்கும் குதிரைக் கடிவாளத்தை அதன் மேல் எறிந்தால், பாம்பு சிறகு முளைத்த குதிரையாக மாறிவிடும். சாபத்தால் பாம்பாகக் கிடந்த குதிரை அது. நன்றிக்கு ஒரு சர்க்கரைக் கட்டி தந்துவிட்டுப் பறந்துபோகும். வாளை எடுத்தவருக்குப் பாதை கிடைக்கும். தாம் என்ன இழந்தோம் என்பது கடைசிவரை தெரியாது. கிரஹாம் தேடிப் போகும் வாலனிஸ் என்ற பெண்ணைக் கோபுரத்தில் காவல் காக்கும் சிங்கத்துக்கும் இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்று வாள், மற்றொன்று பன்றி இறைச்சித் துண்டு. தின்றுவிட்டுச் சிங்கம் தூங்கிப்போகும்.

இந்தத் தொடரில் சாவே இல்லை என்று சொல்லவில்லை. முதல் பாகத்தில் சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தில் டிராகுலாவின் நெஞ்சில் முளை அடிக்க வேண்டும். நான்காம் பாகத்தின் தீய தேவதை லொலொட்டே மன்மதனின் அம்பு பட்டுச் சாகிறாள். அன்பே அவளுக்கு நஞ்சு. மூன்றாம் பாகத்தின் மந்திரவாதி மனன்னன், கஞ்சியில் கலந்து கொடுத்த மந்திரப் பிஸ்கெட்டால் பூனையாகிறான். ஒவ்வொரு இடத்திலும் எதிரியை வென்றது ஒரு யோசனை. நாட்டுப்புறக் கதைகளில் சின்னவன் பெரியவனை வெல்வது எப்படியோ அப்படித்தான் இங்கேயும். கை வேகத்துக்கும் விசை அழுத்தும் எண்ணிக்கைக்கும் இந்த உலகத்தில் மதிப்பு இல்லை. மலைப்பாதையில் கால் தவறி விழுந்து சாவது அடிக்கடி நடக்கும் என்பது உண்மைதான். மூன்றாம் பாகத்தின் மலைப்பாதை பலரை வெறுப்பேற்றியது. ஆனால் சண்டை என்ற ஒன்று தனி வேலையாக இருந்ததில்லை.

*

ராபர்ட்டா வில்லியம்ஸைப் பழமையைப் பிடித்துத் தொங்கியவர் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவருடைய ஒவ்வொரு பாகமும் அன்றைக்கு வந்த புதிய தொழில்நுட்பத்தின் தோளில் ஏறித்தான் வந்தது. 1988-இல் வந்த நான்காம் பாகம் ஒலி அட்டைகளுக்காகவே எழுதிய இசையோடு வந்து, கணினி என்றால் 'பீப்' சத்தம் என்றிருந்த நிலையை மாற்றியது. கிரஹாமின் மகள் ரொசெல்லாவை நாயகியாக்கியதும் அதில்தான். பெண் நாயகி அந்நாளில் அபூர்வம். 1990-இல் ஐந்தாம் பாகம் 256 வண்ணங்களில், ஓவியர்கள் கையால் தீட்டிய பின்னணிகளோடு வந்தது. தட்டச்சு செய்யும் வழக்கம் அதோடு போனது. மவுஸைச் சொடுக்கினால் போதும். பழைய ரசிகர்களில் ஒரு சாரார் அப்போதே முணுமுணுத்தார்கள். சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கும் இன்பம் போய்விட்டது என்பது அவர்கள் வாதம். விற்பனை வேறு சொன்னது. ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் போன அந்தப் பாகம், சியராவைப் பெரிய நிறுவனமாக்கிய படைப்புகளில் ஒன்று.

1992-இன் ஆறாம் பாகம்தான் தொடரின் உச்சம் என்பது என் கருத்து. ஜேன் ஜென்சனோடு சேர்ந்து ராபர்ட்டா வடிவமைத்தது. இளவரசன் அலெக்சாண்டர் காதலியைத் தேடிப் போகும் கதை. முக்கியமான புதிர்களுக்கு மாற்று வழிகள், ஆடுபவர் செய்த தேர்வுக்கு ஏற்ற முடிவு. 1994-இன் ஏழாம் பாகம் கார்ட்டூன் படம்போல வரைந்தது. ஓடியது, ஆனால் ஆறாம் பாகத்தின் ஆழம் அதில் இல்லை. அடுத்த ஆண்டே ராபர்ட்டா ராஜகுமாரர் கதைகளை ஓரம் வைத்துவிட்டு, உண்மை நடிகர்களைப் படம் பிடித்து 7 குறுந்தகடுகளில் 'ஃபேன்டஸ்மகோரியா' என்ற திகில் விளையாட்டைத் தந்தார். புதிய கருவி ஒன்று வந்தால் அதை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற வேட்கை அவருக்கு எப்போதும் இருந்தது. ஆகவே முப்பரிமாணம் வந்தபோது அவர் அதை நோக்கி நடந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆனால் அதற்குள் வெளியே காற்று மாறிவிட்டது. 1993-இன் செப்டம்பரில் 'மிஸ்ட்' வந்தது. அமைதியான தீவு, சாவு இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் 'டூம்' வந்தது. துப்பாக்கி, வேகம், ரத்தம். புதிர்ப் பிரியர்களில் ஒரு பகுதியை முன்னது இழுத்துக்கொண்டது. இளைஞர் கூட்டத்தைப் பின்னது அள்ளிக்கொண்டு போனது. 1996 எல்லாவற்றையும் புரட்டிப் போட்ட ஆண்டு. 'குவேக்', 'சூப்பர் மாரியோ 64', 'டூம் ரெய்டர்' மூன்றும் அந்த ஓராண்டுக்குள் வந்தன. முப்பரிமாணப் படத்துக்கென்றே தனி கிராபிக்ஸ் கார்டுகள் கடைக்கு வந்ததும் அப்போதுதான். 'டூம் ரெய்டர்' சாகச விளையாட்டுக்காரர்களைத் தனியாக உலுக்கியிருக்க வேண்டும். பழைய கல்லறை, புதையல், சாவி, கதவு என்று சாகச விளையாட்டின் சொத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு, அதில் ஓட்டமும் தாவலும் துப்பாக்கியும் சேர்த்து உலகையே வாங்க வைத்த விளையாட்டு அது. ஆண்டு முடியும் நேரத்தில் 'டயாப்லோ' வந்தது. மவுஸைச் சொடுக்கச் சொடுக்க எதிரிகள் விழுவார்கள், பொருள்கள் சிதறும், நாயகனின் பலம் ஏறும்.

டயாப்லோவை உருவாக்கிய பிளிஸ்ஸார்ட் அந்நேரம் சியராவின் உடன்பிறப்பு நிறுவனம். இரண்டும் ஒரே முதலாளியின் கீழ் வந்திருந்தன. கூப்பன், கடன் அட்டைச் சலுகை, உறுப்பினர் திட்டம் போன்றவற்றை விற்ற சியூசி இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 1996-இல் சியராவையும், பிளிஸ்ஸார்டை வைத்திருந்த டேவிட்சன் நிறுவனத்தையும் பங்குகள் கொடுத்து வாங்கியது. சியராவுக்கான விலை மட்டும் நூறு கோடி டாலரைத் தாண்டியது. ராபர்ட்டாவுக்கு இந்த விற்பனையில் விருப்பம் இல்லை என்பதைத் தம்பதியர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பதினேழு ஆண்டு உழைப்பு கைமாறியது. மென்பொருள் பிரிவின் தலைமை வேறு கைக்குப் போனது. கென் வில்லியம்ஸ் சிறிது காலத்தில் வெளியேறினார்.

வீட்டுக்குள் கணவர் முதலாளியாக இருந்த காலத்தில் ராபர்ட்டா ஒரு விளையாட்டை எப்படி வேண்டுமோ அப்படிச் செய்ய முடிந்தது. 'மாஸ்க் ஆஃப் எடர்னிட்டி' அப்படி உருவாகவில்லை. நிர்வாகத்தோடு உரசல், தாமதம், அணிக்குள் இழுபறி. இயக்கத்திலும் வடிவமைப்பிலும் அவரோடு நின்றவர் மார்க் சீபர்ட்; சியராவின் பழைய இசைக்காரர், ஆறாம் பாகத்தின் காதல் பாட்டில் பங்குள்ளவர்.

*

தொழில்நுட்பத்தின் கதை இங்கே முக்கியம். சியராவுக்குச் சொந்தமான டைனமிக்ஸ் என்ற நிறுவனம் ஓரிகன் மாநிலத்தில் விமானச் சிமுலேட்டர்கள் செய்துவந்தது. அவர்களுடைய '3ஸ்பேஸ்' என்ற எஞ்சினை எடுத்துப் பெருமளவு மாற்றிக் கிங்ஸ் குவெஸ்டுக்குப் பொருத்தினார்கள். வானத்திலிருந்து நிலப்பரப்பைக் காட்டப் பிறந்த எஞ்சின் அது. அதில் ஒரு குடிசையையும் மேசை மேல் இருக்கும் குவளையையும் காட்ட வேண்டும்.

வாள் நுழைந்த வாசல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தையின் அழுத்தம் இருந்தது, நிர்வாகத்தின் ஆசை இருந்தது, இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பரிமாண வெளிக்கே ஒரு பசி உண்டு. பழைய கிங்ஸ் குவெஸ்டில் ஒவ்வொரு திரையும் ஓர் ஓவியர் உட்கார்ந்து வரைந்தது. அதில் ஒரு மரப்பொந்து இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போக ஒரு கணம் போதும்; இடையில் வெற்றிடம் இல்லை. முப்பரிமாணத்தில் ஊருக்கும் கோட்டைக்கும் நடுவே உண்மையாகவே தூரம் வந்துவிடுகிறது. புல்வெளியை நடந்து கடக்க வேண்டும். அந்த நடையில் ஆடுபவர் என்ன செய்வார்? ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு நல்ல புதிரை யோசிப்பது எந்த வடிவமைப்பாளராலும் ஆகாத காரியம். ஒரு நல்ல புதிருக்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவை. ஆடி முடித்தால் தீர்ந்துபோகும். ஒரு பூதத்தை ஒருமுறை செய்துவிட்டால் நாற்பது இடத்தில் நிறுத்தலாம். வெற்று நிலத்தை நிரப்பச் சண்டையைவிட மலிவான சரக்கு கிடையாது.

விளையாட்டு இப்படித் தொடங்குகிறது. சத்தியமும் ஒளியும் காக்கும் புனித முகமூடி ஒன்று உடைந்து சிதறுகிறது. உடைத்தவன் லுக்ரெடோ, அதைக் காக்க வேண்டிய காவலர்களின் தலைவனே அவன்தான். கருமேகம் டேவன்ட்ரி மேல் கவிகிறது. அரசன் கிரஹாம் உட்பட மனிதர்கள் எல்லாரும் கல்லாகிறார்கள். கானர் காலடியில் முகமூடியின் ஒரு துண்டு விழுகிறது. அதனால் அவன் மட்டும் தப்புகிறான். பாதி உடல் கல்லாகிப்போன ஒரு மந்திரவாதி, மீதி உடலில் உயிர் இருக்கும்போதே நடந்ததைச் சொல்லி அவனை அனுப்புகிறார். இந்தத் தொடக்கம் அருமையானது. தெரிந்த ஊர், தெரிந்த அரசன், எல்லாம் சிலையாக நிற்கும் நடுவே ஒற்றை ஆள் நடந்து போவது, முந்தைய ஏழு பாகங்களை ஆடியவரின் வயிற்றைப் பிசையும்.

பிறகு அந்த ஆள் ஸ்பிரிகன் என்ற குட்டிப் பூதத்தைச் சந்திக்கிறான். அதன் மேல் மவுஸை வைத்துச் சொடுக்கினால் கானர் கையை ஓங்குகிறான். சொடுக்கினால் மறுபடி ஓங்குகிறான். அதுவும் திருப்பி அடிக்கும். இவனுடைய பட்டை குறையும், அதனுடைய உயிர் குறையும், கடைசியில் அது விழும், அனுபவம் ஏறும். குறைந்த உயிரைக் காளானைத் தின்று ஈடுகட்டலாம். அடுத்த மேட்டில் இன்னொன்று நிற்கும். நீர் நிரப்பிய வாளி இல்லை. கடிவாளம் இல்லை. அந்த ஸ்பிரிகனுக்கு ஒரு சாபமோ, பசியோ, பெயரோ இல்லை.

ஏழு உலகங்கள் வழியே இந்தப் பயணம் போகிறது. டேவன்ட்ரி முடிந்ததும் மரண உலகம். அதன் அதிபதி அஸ்ரியலோடு கானர் பேசும் காட்சியில் பழைய ராபர்ட்டா தெரிகிறார். சதுப்பு நிலம், குள்ளர்களின் சுரங்க ராஜ்ஜியம், எரிமலைச் சாம்பல் படிந்த வறண்ட நிலம், பனி நாடு, கடைசியில் சூரியக் கோயில். நெம்புகோல், தூண், சாவி, எடைக்கல் என்று புதிர்களும் இருக்கின்றன. கொக்கி கட்டிய கயிற்றை வீசிப் பாறை மேல் ஏறலாம். கண்ணுக்கு எட்டும் இடத்துக்குக் காலும் எட்டும் என்ற உணர்வு, வரைந்த திரைகள் ஒருநாளும் தராதது. அந்த வகையில் இந்தப் பாகம் ஒரு புதிய இன்பத்தைக் கொடுத்தது. அதை மறுப்பது நியாயம் ஆகாது. அன்றைய விமர்சனங்களிலும் பாராட்டும் குறையும் கலந்தே வந்தன.

குறை எங்கே என்றால், புதிரும் சண்டையும் ஒன்றையொன்று தொடவே இல்லை. புதிர் இருக்கும் இடத்தில் சண்டை இல்லை, சண்டை நடக்கும் இடத்தில் யோசனைக்கு வேலை இல்லை. முதல் பாகத்தில் ஒரே டிராகன் இரண்டாகவும் இருந்தது. ஆபத்தும் அதுதான், கேள்வியும் அதுதான்.

சண்டை வந்ததாலேயே ஒரு சாகச விளையாட்டு கெட்டுப்போகும் என்று சொல்ல முடியாது. சியராவுக்குள்ளேயே இதற்குச் சான்று இருந்தது. லோரி கோல், கோரி கோல் என்ற தம்பதியர் 1989-இல் தொடங்கிய 'குவெஸ்ட் ஃபார் குளோரி' தொடரில் முதல் நாளிலிருந்தே வாளும் திறன் எண்களும் உண்டு. ஆனால் அங்கே ஒரு கதவைப் போர்வீரன் உடைப்பான், திருடன் பூட்டைத் திறப்பான், மந்திரவாதி மந்திரம் போடுவான். யார் நீ என்ற கேள்வியோடு சண்டை பின்னியிருந்தது. எதிரியோடு நட்பாகிவிடும் வழியும் பல இடங்களில் இருந்தது. கிங்ஸ் குவெஸ்டில் சண்டை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதுபோல நின்றது.

அந்நாளில் ராபர்ட்டா தந்த பேட்டிகளில் இந்த மாற்றத்தை அவர் தற்காத்துத்தான் பேசினார். சாகச விளையாட்டு தேங்கி நிற்கிறது, முன்னே போகாவிட்டால் செத்துவிடும் என்பது அவர் நிலை. கணினி விலை மலிந்து எல்லா வீட்டுக்கும் வந்தபோது ஆடுகிறவர் கூட்டமும் மாறிவிட்டது, உடனடி இன்பம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்றும் சொன்னார். இரண்டாவது கருத்து பலரைப் புண்படுத்தியது, நானும் அதை ஏற்கவில்லை. 1993-இல் வந்த 'மிஸ்ட்' அந்தப் பத்தாண்டு முழுக்க விற்பனையில் முன்னணியில் நின்றது. பொறுமையாக உட்கார்ந்து யோசிக்கத் தயாரான சாதாரண மக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் முதல் கருத்து சரி. அதே 1998-இல் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் தந்த 'கிரிம் ஃபாண்டாங்கோ' சண்டையைத் தொடாமல் முப்பரிமாணத்துக்கு வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கடையில் போதிய அளவு போகவில்லை. அடுத்த ஆண்டே லூகாஸ் ஆர்ட்ஸும் இந்தியானா ஜோன்ஸை 'டூம் ரெய்டர்' பாணியில் ஓடவும் சுடவும் விட்டது. 2003-இல் 'புரோக்கன் ஸ்வார்ட்' மூன்றாம் பாகம் மவுஸைக் கைவிட்டுப் பெட்டி தள்ளவும் விளிம்பில் தொங்கவும் வைத்தது. 2006-இல் 'ட்ரீம்ஃபால்' கைச்சண்டையைச் சேர்த்தது; அதன் ரசிகர்களே அந்தச் சண்டையை இன்றுவரை மன்னிக்கவில்லை.

'மாஸ்க் ஆஃப் எடர்னிட்டி' வந்த அதே பருவத்தில், 1998 நவம்பரில், சியரா இன்னொரு விளையாட்டையும் வெளியிட்டது. வால்வ் என்ற புதிய நிறுவனம் செய்த 'ஹாஃப்-லைஃப்'. துப்பாக்கி விளையாட்டுக்குள் கதை சொல்லும் கலையைக் கொண்டுவந்த படைப்பு அது. சாகச விளையாட்டைச் சண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்த அதே நிறுவனத்தின் பெயரில், சண்டை விளையாட்டு சாகசத்தின் பக்கம் நகர்ந்து வந்து வென்றது. எதிர்காலம் எந்தப் பக்கம் என்று அந்த இரண்டு பெட்டிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நிர்வாகிகளுக்கு விளங்கியிருக்கும்.

*

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. சியூசி 1997 டிசம்பரில் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து சென்டன்ட் ஆனது. 1998 ஏப்ரலில் சியூசி ஆண்டுக்கணக்கில் பொய்க்கணக்கு எழுதிவந்தது வெளிப்பட்டு, சென்டன்ட் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. அமெரிக்க வணிக வரலாறு அதுவரை கண்ட மிகப்பெரிய கணக்கு மோசடிகளில் ஒன்று அது. சியூசியின் தலைவர் வால்டர் ஃபோர்ப்ஸ் பின்னாளில் சிறைக்குப் போனார். கையைச் சுட்ட மென்பொருள் பிரிவைப் பிரான்சின் ஹவாஸ் குழுமத்துக்கு விற்றார்கள். 1999 பிப்ரவரி 22, திங்கட்கிழமை, ஓக்ஹர்ஸ்ட் கூடத்தை மூடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். சிற்றூர் அது; பக்கத்தில் மாற்று வேலை தரும் நிறுவனம் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் சியராவைச் சுற்றி வளர்ந்த குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போயின. ராபர்ட்டாவும் அந்த ஆண்டோடு விளையாட்டுத் துறையைவிட்டு ஒதுங்கினார்.

கிங்ஸ் குவெஸ்டுக்கு அடுத்த அதிகாரபூர்வப் படைப்பு வர 17 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ரசிகர்களே தொடரைக் காத்தார்கள். 'தி சில்வர் லைனிங்' என்ற பெயரில் ஒரு குழு சம்பளம் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. உரிமையாளர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி நிறுத்தியதும், ரசிகர்கள் கடிதம் எழுதிப் போராடி அனுமதி வாங்கியதும் இரண்டு முறை நடந்தது. 2010-இல் முதல் பகுதி இலவசமாக வெளிவந்தது. அதன் நாயகன் கானர் இல்லை, கிரஹாம்.

2015-இல் 'தி ஆட் ஜென்டில்மென்' கூடம் புதிய 'கிங்ஸ் குவெஸ்ட்' செய்தபோதும் கிரஹாமிடமே திரும்பியது. கிழவனாகிவிட்ட கிரஹாம் பேத்திக்குத் தன் இளமைக் கதைகளைச் சொல்கிறான். குரல் கொடுத்தவர் கிறிஸ்டோபர் லாய்ட். முதல் அத்தியாயத்திலேயே கிணற்றடி டிராகன் வருகிறது. பழைய விளையாட்டின் நியாயத்தை அந்த அணி நன்றாகப் படித்திருக்கிறது. ஆடுபவர் வீரத்தால் போகிறாரா, அறிவால் போகிறாரா, இரக்கத்தால் போகிறாரா என்று விளையாட்டு நம்மைக் கவனித்துக்கொண்டே வருகிறது. ராபர்ட்டா வில்லியம்ஸ் 2023 ஜனவரியில், தன்னை இந்தத் துறைக்கு இழுத்துவந்த 'கொலாசல் கேவ்' விளையாட்டை முப்பரிமாணத்தில் மறுபடி உருவாக்கி வெளியிட்டார். குகையும் புதையலும் புதிரும் கொண்ட அதே பழைய விளையாட்டு. 24 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அவர் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

'மாஸ்க் ஆஃப் எடர்னிட்டி'யைத் தொடரின் கொலைகாரன் என்று பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். சியராவைக் கொன்றது கள்ளக்கணக்கு. ஒரு விளையாட்டு இல்லை. ஏழு முறை தொழில்நுட்பத்தை மாற்றிப் பார்த்தும் ஆடுபவரின் மூளைக்குக் கொடுத்த வேலையை மாற்றாமல் இருந்தவர் ராபர்ட்டா. எட்டாவது முறை அந்த வேலையே மாறிவிட்டது. அதுதான் அந்தப் பாகத்தின் தோல்வி. வாள் ஏந்தியது தோல்வி இல்லை.

எட்டு பாகங்களும் 'ஜிஓஜி' தளத்தில் இன்றும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன; இன்றைய சாதாரண லேப்டாப்பில் ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஆட நேரம் இல்லாதவர்கள் முதல் பாகத்தையும் எட்டாம் பாகத்தையும் மட்டும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள். ஆடிவிட்டு உங்கள் தீர்ப்பை எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், 'கிரிம் ஃபாண்டாங்கோ'வுக்குப் பிறகு லூகாஸ் ஆர்ட்ஸில் நடந்ததைப் பார்ப்போம்.

(தொடரும்)